கிண்ணம் வந்த வருடம் கணக்கு என்ன சொல்கிறது?

2025 மே 31, சனிக்கிழமை இரவு. ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் கடைகள் பூட்டும் நேரம் தாண்டியும் இளைஞர்கள் வீடு போகவில்லை. மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பாரிஸ் சென்-ஜெர்மன் கழகம், எமது பிள்ளைகளின் வாயில் பி.எஸ்.ஜி., இன்டர் மிலானை 5-0 என்று வென்றது. அந்தக் கிண்ணத்துக்கான இறுதியாட்டங்களில் அவ்வளவு பெரிய கோல் வித்தியாசம் அதற்கு முன் இருந்ததில்லை. லாச்சப்பல் மெற்றோ வாசலில் வாகனங்கள் ஹோர்ன் அடித்தபடியே நின்றன.

மறுநாள் தேத்தண்ணிக் கடையில் வாக்குவாதம். "கட்டார்காரன் 14 வருஷமாக் காசைக் கொட்டினான், கடைசியில கிண்ணத்தை வாங்கிப்போட்டான்" என்றார் வயதான ஒருவர். "காசாலதான் எண்டால், ஐயா, நெய்மாரும் மெஸ்ஸியும் எம்பாப்பேயும் ஒண்டா நிண்ட காலத்தில எல்லோ வந்திருக்க வேணும்?" என்று பல்கலைக்கழகம் போகும் பொடியன் ஒருவன் திருப்பிக் கேட்டான். பெரியவர் எம் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் கணக்குப் பார்க்கிற ஆள். நீர் சொல்லும்."

ஊரில் வணிகவியல் படித்து, அகதியாக இங்கே வந்து, கடைக்காரரின் பற்றுவரவுப் புத்தகங்களோடு காலம் தள்ளும் எமக்கு அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது. அன்று தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறோம்.

காசு எங்கே போனது?

கட்டார் அரசோடு தொடர்புடைய முதலீட்டு நிறுவனம் 2011இல் பி.எஸ்.ஜி.யின் 70 வீதப் பங்கை வாங்கியது. அடுத்த வருடம் முழுக் கழகமும் அதன் கைக்கு வந்தது. அதுவரை அந்தக் கழகம் பிரெஞ்சு லீக்கை வென்றது இரண்டே தடவைதான், 1986இலும் 1994இலும். புதிய உரிமையாளர் வந்தபின் 2025 வரையான 14 பருவங்களில் 11 தடவை வென்றது.

இடையில் நடந்த பெரிய செலவு எல்லோருக்கும் தெரியும். 2017இல் நெய்மாருக்காகப் பார்சலோனாவுக்கு 222 மில்லியன் யூரோ கொடுக்கப்பட்டது. அதே கோடையில் மொனாக்கோவிலிருந்து எம்பாப்பே முதலில் இரவலாக வந்தார். பிறகு அவருக்கு 180 மில்லியன். 2021இல் மெஸ்ஸி மாற்றுத்தொகை ஏதும் இல்லாமல் வந்தார். ஆனால் சம்பளம் இலவசமில்லை.

இந்த 222 மில்லியனைக் கணக்கில் எப்படி எழுதுவார்கள்? கடைக்கு 5000 யூரோவில் குளிர்ப்பெட்டி வாங்கினால் அந்த வருடமே 5000 நட்டம் என்று நாம் எழுதுவதில்லை. ஐந்து வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 1000 என்று பெறுமானத்தேய்வு போடுகிறோம். விளையாட்டு வீரரும் அப்படித்தான். ஐந்து வருட ஒப்பந்தமென்றால் 222 மில்லியன் வருடத்துக்கு 44.4 மில்லியனாகப் பிரியும். சம்பளம் அதற்கு மேல். ஒப்பந்தத்தை நீட்டினால் வருடச் செலவு குறைந்ததுபோலத் தெரியும். இங்கிலாந்தின் செல்சி கழகம் எட்டு வருட ஒப்பந்தம் வரை போனதும், ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமான யூஃபா 2023இல் இந்தப் பகிர்வுக்கு ஐந்து வருடம்தான் உச்சம் என்று விதி வைத்தது.

இன்னொன்றும் உண்டு. கழகமே சிறுவயதிலிருந்து வளர்த்த பிள்ளைக்குப் புத்தகத்தில் வாங்கிய விலை கிடையாது. அவனை 30 மில்லியனுக்கு விற்றால் 30 மில்லியனும் இலாபம். வெளியிலிருந்து 50 மில்லியனுக்கு வாங்கியவனை வாங்கிய கொஞ்சக் காலத்தில் 50க்கு விற்றால் இலாபம் மிகச் சொற்பம். ஆகவே காசு முட்டுப்படும் கழகம் முதலில் விற்க நினைப்பது சொந்தப் பிள்ளைகளைத்தான். கணக்கு விதி கெட்டதல்ல. ஆனால் அது மெல்ல எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை இரசிகர் தெரிந்திருக்க வேண்டும்.

நட்டம் யாருடையது?

2021-22 பருவத்தில், மூன்று நட்சத்திரங்களும் ஒன்றாக நின்ற வருடத்தில், பி.எஸ்.ஜி.யின் நட்டம் சுமார் 370 மில்லியன் யூரோ. தேத்தண்ணிக் கடையில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: "அவையின்ர காசு, அவையின்ர நட்டம். எங்களுக்கு என்ன?"

உரிமையாளர் பணக்காரராகவும் விருப்பத்தோடும் இருக்கும்வரை அது சரிதான். அவர் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பொர்தோ நகரைப் பார்க்கலாம். ஆறு தடவை பிரெஞ்சு சாம்பியனான கழகம் அது. கடைசியாக வென்றது 2009இல். 2024 கோடையில் காசு போட ஆளில்லாமல் தொழில்முறை அந்தஸ்தையே கைவிட்டு நான்காம் பிரிவுக்குப் போனது. லியோன் கழகத்தை 2025 ஜூனில் நிதிக் கண்காணிப்பு அமைப்பு இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. மேல்முறையீட்டில்தான் தப்பியது. உரிமையாளர் தன் பங்கை விற்றுவிட்டுப் போகலாம். பொர்தோ இரசிகர் பொர்தோவை விட்டு எங்கே போவார்?

இதற்காகத்தான் யூஃபா செலவுக்குக் கட்டுப்பாடு வைத்தது. பி.எஸ்.ஜி.க்கு 2014இல் 60 மில்லியன் யூரோ தண்டம். அதில் 40 மில்லியன் நிபந்தனையோடு நிறுத்திவைக்கப்பட்டது. கட்டார் சுற்றுலாத்துறையோடு செய்த விளம்பர ஒப்பந்தத்தின் பெறுமதியையும் யூஃபா குறைத்தே கணக்கிட்டது. உரிமையாளரே இன்னொரு சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தருவதை வருமானம் என்று சொல்லக்கூடாது என்பதே அதன் பொருள். 2022இல் மீண்டும் 65 மில்லியன். அதில் உடனே கட்டவேண்டியது 10 மில்லியன். புதிய விதிப்படி 2025-26 பருவத்திலிருந்து வீரர் சம்பளம், வாங்கும் செலவு, முகவர் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருமானத்தின் 70 வீதத்தைத் தாண்டக்கூடாது.

ஒரு விடயம் எம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. நட்டத்தை எடைபோடும்போது சிறுவர் பயிற்சி, பெண்கள் அணி, மைதானம் கட்டுதல் ஆகிய செலவுகளை யூஃபா கழித்துவிடுகிறது. இவற்றுக்குச் செலவழித்ததற்காகத் தண்டம் இல்லை. செலவு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விதமான காசு இருக்கிறது என்பதை விதியே ஒத்துக்கொள்கிறது.

காசு வெல்லுமா?

லீக் என்பது நீண்ட ஓட்டம். முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் நல்ல வீரர் அதிகம் உள்ளவர் பெரும்பாலும் மேலே வருவார். 14க்கு 11 என்பது அதைத்தான் காட்டுகிறது. தவறிய மூன்றையும் பாருங்கள். 2012இல் மொன்பெலியே, 2017இல் மொனாக்கோ, 2021இல் லீல். மொன்பெலியேயின் செலவு பாரிஸின் செலவுக்குக் கிட்டவும் நிற்காது. காசு வெற்றியின் வாய்ப்பைக் கூட்டும். உத்தரவாதம் தராது.

கிண்ணப்போட்டி வேறு. அங்கே ஓர் இரவு எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 2017 மார்ச்சில் முதல் ஆட்டத்தில் 4-0 என்று முன்னின்றும் பார்சலோனாவில் 6-1 என்று தோற்றதை இந்தத் தெருவில் மறந்தவர் இல்லை. 2020இல் லிஸ்பனில் இறுதியாட்டம். பாயர்ன் மியூனிக் 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் கிங்ஸ்லி கோமான். அவர் பாரிஸில் பிறந்து பி.எஸ்.ஜி.யின் சிறுவர் அணியிலேயே வளர்ந்தவர். 2014இல் 18 வயதில் மாற்றுத்தொகை இல்லாமல் வெளியேறியவர். ஆட்களை வாங்கப் பல நூறு மில்லியன் கொட்டிய கழகம், இலவசமாக விட்ட பிள்ளையிடம் தோற்றது.

அப்படியானால் 2025இல் பொடியன் சொன்னதுபோலக் காசில்லாமலா வென்றார்கள்? அதுவும் இல்லை. இறுதியாட்டத்தில் இரண்டு கோல் அடித்த டெசிரே டுவேக்கு 50 மில்லியன். ஜொவாவோ நெவெசும் குவாரட்ஸ்கெலியாவும் அதைவிட விலை கூடியவர்கள். இது ஏழைகளின் வெற்றி என்று சொன்னால் கணக்குச் சிரிக்கும். மாறியது செலவின் திசை. புகழ் முடியும் வயதில் இருப்பவருக்குப் பதிலாக, வளரும் வயதில் உள்ளவரை வாங்கினார்கள். பயிற்றுநர் லூயிஸ் என்ரிக்கே ஓடாதவருக்கு இடமில்லை என்று நின்றார். ஐந்தாவது கோலை அடித்த 19 வயது செனி மயுலு, எம்மவர் பலர் குடியிருக்கும் 93ஆம் மாவட்டத்தின் லு பிளான்-மெனிலில் பிறந்தவர். கழகத்தின் சொந்தப் பிள்ளை. அவருக்குப் புத்தகத்தில் வாங்கிய விலை இல்லை.

இலாபம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்

வருடாவருடம் நட்டம் என்றால் உரிமையாளர் ஏன் விடாமல் இருக்கிறார்? 2023 டிசம்பரில் ஆர்க்டோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பி.எஸ்.ஜி.யில் சிறு பங்கு வாங்கியது. அப்போது கழகத்தின் மொத்தப் பெறுமதி 4 பில்லியன் யூரோவுக்கு மேல் என்று கணிக்கப்பட்டது. 2011இல் அது 100 மில்லியனுக்கும் குறைவு. இலாப நட்டக் கணக்கில் சிவப்பு, சொத்தின் பெறுமதியில் பச்சை. நட்டத்தைக் காட்டி "உங்களுக்காகத்தான் இழக்கிறோம்" என்று எந்த உரிமையாளர் சொன்னாலும் ஐந்தொகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவின் மற்றப் பைத்தியமான ஐ.பி.எல்.லில் இது நேர்மாறு. இந்தியா சிமெந்து நிறுவனம் 2008இல் சென்னை அணியை 91 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அங்கே வீரர் செலவுக்கு எல்லோருக்கும் ஒரே எல்லை. 2025இல் அணிக்கு 120 கோடி ரூபா. 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி. அதில் அணிகளுக்குப் பங்கு உண்டு. கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் பயமும் இல்லை. ஆகவே 2025இல் சென்னை கடைசி இடத்துக்கு வந்தபோது எமக்குத்தான் நித்திரை போனது, உரிமையாளரின் முதல் ஆடவில்லை. அதே வருடம் ரிஷப் பந்தை 27 கோடிக்கு வாங்கிய லக்னோ ஏழாம் இடம். கட்டுப்பாடில்லாத இடத்தில் நட்டம் இரசிகருக்கு ஆபத்து. கட்டுப்பாடு இறுகிய இடத்தில் தோல்வி உரிமையாளருக்கு வலிப்பதில்லை. இரண்டிலும் மனம் நோவது ஒருவருக்கே.

எமது கழகத்தின் கணக்கு

இவ்வளவும் எழுதிவிட்டு எம் கணக்கை மறைப்பது முறையல்ல. பாரிஸிலும் புறநகரிலும் எம்மவர் கழகங்கள் கோடையில் சுற்றுப்போட்டி நடத்துகின்றன. அப்படியொரு சிறு கழகத்தின் பொருளாளர் வேலை எம்மிடம் இருக்கிறது. இரண்டு கோடைக்கு முன், இந்த முறை கிண்ணம் வந்தே ஆகவேண்டும் என்று நிர்வாகக்குழு முடிவெடுத்தது. வெளியிலிருந்து மூன்று வீரர்களை அழைத்தோம். பயணம், தங்குமிடம், கைச்செலவு எல்லாம் கொடுத்தோம். கிண்ணம் வந்தது. படம் கடைக் கண்ணாடிகளில் ஒட்டப்பட்டது.

அந்தக் காசு புதன்கிழமைச் சிறுவர் பயிற்சிக்கென்று சேர்த்து வைத்தது. இலையுதிர்காலத்தில் பயிற்றுநருக்குக் கொடுக்க எம்மிடம் இல்லை. மாரி வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். நன்றாக விளையாடிய ஒருவன் இப்போது நகரசபைக் கழகத்தில். ஒருநாள் எமக்கு எதிராகவும் கோல் அடிப்பான். அந்தச் செலவுச்சீட்டில் கையெழுத்து வைத்ததும் நாமே.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று எம் முன்னோர் சொன்னார்கள். போடாதே என்று சொல்லவில்லை. இவ்வருடப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையை மூன்றாகப் பிரித்து வைக்கப்போகிறோம்: இந்தப் பருவத்தோடு முடியும் செலவு, அடுத்த பருவத்துக்கும் மிஞ்சும் செலவு, உதவுபவர் ஒருவர் கையை விட்டால் நின்றுபோகும் செலவு. சிறுவர் பயிற்சிக் காசைத் தொடுவதற்கு உறுப்பினர் அனைவரின் வாக்கும் வேண்டும் என்ற தீர்மானத்தையும் முன்வைக்கிறோம். எதிர்ப்பு வரும். கிண்ணத்தின் ருசி கண்டவர்கள் நாம்.

பெரியவருக்கும் பொடியனுக்கும் எம் பதில் இதுதான். கட்டாரின் காசு 11 லீக் கிண்ணங்களுக்கு வழி திறந்தது. பெரிய கிண்ணத்தின் வாசலுக்கு வருடாவருடம் கொண்டுபோய் நிறுத்தியது. உள்ளே போனது, அந்தக் காசு வேறு விதமாகச் செலவான பிறகு. அதனால் உங்கள் கழகம் இலாபமா நட்டமா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். காசு போட்டவர் நாளை போனால் எது மிஞ்சும் என்று கேளுங்கள். பெரிய கழகத்திடம் கேட்க எமக்கு வாய்ப்பில்லை. எமது கழகத்தின் பொதுக்கூட்டத்தில் கேட்கலாம். பதில் சொல்லும் கடமை எம்மைப்போன்ற பொருளாளர்களுக்கு உண்டு.