அருவியில் தடை, காரைக்காலில் மகிழ்ச்சி!

புதுச்சேரி நகரில் கடல் உண்டு, அருவி இல்லை. அருவிக் குளியலுக்காக ஒகேனக்கல் வரை போகிறவர்கள் உண்டு. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. ‘கல்லு’ என்றால் பாறை. காவிரி பாறையில் மோதிப் புகையாகச் சிதறுவதால் வந்த பெயர் இது.

அருவிக்குச் சற்று மேலே, பிலிகுண்டுலுவில்தான் கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை அளக்கிறார்கள். காவிரியில் புதுச்சேரி மாநிலத்துக்கும் பங்கு உண்டு. 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அளவு, ஆண்டுக்கு 7 டி.எம்.சி. ஒகேனக்கல்லில் விழும் நீர் மேட்டூர், கல்லணை தாண்டி, கடைமடையான காரைக்கால் வயல்களை எட்ட வேண்டும்.

வெள்ளம் பெருகினால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசலில் போகவும் தடை விதிப்பார்கள். சுற்றுலா போனவர்களுக்கு அது ஏமாற்றம்தான். காரைக்கால் விவசாயிக்கோ, அதுவே நல்ல சேதி!