வைக்கோல் மட்கும் வயலில் பயிர் ஏன் மஞ்சளடிக்குது? வைட்டமின் பி2 சொல்லும் பதில்

குறுவை அறுத்த கையோடு தாளடிக்கு வயல் தயாராகணும். கடைமடையான தரங்கம்பாடி பக்கம் இது இன்னும் நெருக்கடி. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தண்ணீர் லேசில் வடியாது. அதனால் அறுவடை மெஷின் விட்டுப்போன தாளையும் வைக்கோலையும் மடக்கி உழுது, சில நாளிலேயே நடவு. அப்புறம் பார்த்தால், நட்ட பயிர் வேர் பிடிக்காமல் மஞ்சளடித்து நிற்கிறது.

உடனே யூரியா போடுவதுதான் வழக்கம். அதில் நியாயமும் இருக்கு. வைக்கோலை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் கதை அதோடு முடியவில்லை. மட்கும் வைக்கோலிலிருந்து சில அமிலங்களும் வெளிவருகின்றன. அதில் ஒன்று பாரா-ஹைட்ராக்சிபென்சோயிக் அமிலம். மண்ணில் இதன் அளவு கூடினால் இளம் வேரின் வளர்ச்சி தடைபடும். (பெயர் வாயில் நுழையாது. 'வைக்கோல் அமிலம்' என்றே வைத்துக்கொள்வோம்.)

இதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மண்ணிலேயே உண்டு. விதைநேர்த்திக்கு வாங்குகிறோமே, அந்த சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் இனத்திலும் இதற்கான என்சைம் இருக்கிறது. கடையில் அதை விற்பது நோய்த் தடுப்புக்குத்தான், இதற்காக அல்ல.

அந்த என்சைமுக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு துணைப்பொருள் இருக்கிறது. பெயர் ஃபிளேவின். வைட்டமின் பி2-விலிருந்து உருவாவது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் பளீர் மஞ்சளாகுமே, அதற்குக் காரணமான அதே வைட்டமின்.

இந்த ஃபிளேவின் ஒரே இடத்தில் உட்காராது. வெளிப்பக்கம் வந்தால் எலக்ட்ரான் வாங்கும். உள்ளே போனால் ஆக்சிஜனோடு சேர்ந்து வைக்கோல் அமிலத்தை மாற்றும். அமிலமே இல்லாத நேரத்தில் எலக்ட்ரான் வாங்கினால் வீண்செலவு. கூடவே செல்லுக்கு ஆபத்தான ஹைட்ரஜன் பெராக்சைடும் உருவாகும். அதனால் இங்கே கண்டிப்பான கட்டுப்பாடு. அமிலம் வந்து உட்கார்ந்தால் எலக்ட்ரான் வாங்கும் வேகம் ஒரு லட்சம் மடங்குக்கு மேல் எகிறுகிறது!

இரண்டு நிலைகளையும் 1994-ல் எக்ஸ்ரே படிக ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் அது போட்டோ. அசைவைப் பார்க்க வீடியோ வேண்டும். நகரும் தூரமோ ஒரு நானோமீட்டருக்கும் குறைவு.

இங்கேதான் ஒளிர்வு கைகொடுத்தது. நீல ஒளி பட்டால் ஃபிளேவின் பச்சை கலந்த மஞ்சளில் ஒளிரும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த ஒளி கூடும், மங்கும். அதாவது இடம் மாறினால் பிரகாசமும் மாறும். தனியாகச் சாயம் எதுவும் ஒட்டத் தேவையில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் ஒற்றை ஒற்றை மூலக்கூறாக இதைக் கவனித்தார்கள். அமிலம் இல்லாதபோதும் ஒளி ஏறி இறங்கியது. ஆளில்லாத ஊஞ்சல் காற்றில் ஆடுவது மாதிரி, ஃபிளேவின் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. அமிலம் வந்ததும் ஆட்டம் வேலைக்குத் தோதான பக்கம் சாய்கிறது.

எல்லாம் சரி, ஆக்சிஜன்? தண்ணீர் தேங்கிய சேற்றில், மேலே சில மில்லிமீட்டர் தவிர, அது கிட்டத்தட்ட இருக்காது. ஃபிளேவின் உள்ளே போனாலும் ஜோடி சேர ஆளில்லை. ஆக்சிஜன் வேண்டாத வேறு பாக்டீரியாக்கள் வேறு வழியில் வேலையைப் பார்க்கும்தான், ஆனால் பயிருக்கு அவ்வளவு நாள் பொறுமை கிடையாது. மடக்கி உழுத வைக்கோல் மட்க நடவுக்கு முன் நாள் கொடுப்பதும், இடையில் தண்ணீரை வடித்துக் காயவிடுவதும் இதனால்தான் உதவுகின்றன. கடைமடையில் அதற்கு முதலில் வடிகால் வாய்க்கால் தூர்ந்துபோகாமல் இருக்கணும்.