பையன் ஓட்டினா எவ்வளவு கட்டணும்?

என்னடா இது, ஆண்டு மலர்ல இன்சூரன்ஸா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் நண்பர்களே! கவிதைக்குப் பத்துப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான்.

எனக்கு 18 முடிந்து லைசென்ஸ் கையில் வந்த மாதம், அப்பாவின் பழைய மாருதி 800-க்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க அவருடன் கோத்தகிரி பஜாருக்குப் போனேன். அப்பா தயங்கித் தயங்கி ஏஜெண்டிடம் கேட்டார்: "ஏனுங்க, இனிமே பையனும் ஓட்டுவானுங்க. அதுக்கு எவ்வளவு சேத்துக் கட்டணும்?" ஏஜெண்ட் சிரித்துவிட்டார். "ஒத்தைப் பைசா வேண்டாங்க. கவர்மெண்டு வண்டியத்தான் பாக்குது, வயசப் பாக்கறதில்ல."

எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டில் ஒரு பையன் ஓட்டப் பழகிவிட்டால் அந்தக் குடும்பத்தின் பிரீமியமே எகிறிவிடும். நல்ல மார்க் வாங்கினால் தள்ளுபடி தரும் கம்பெனிகள்கூட அமெரிக்காவில் உண்டு! இங்கிலாந்தில் பையன்களைவிடப் பெண்களுக்குக் குறைவாக வாங்கி வந்தார்கள். 2011-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அது கூடாது என்று சொல்லி, 2012 டிசம்பரோடு நின்றது. நம்ம ஊரில் அரியர்ஸ் வைத்திருப்பவனுக்கும் ராங்க் ஹோல்டருக்கும் ஒரே ரேட்தான்.

சட்டப்படி கட்டாயமானது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ். அதாவது, நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கு ஈடு. இதன் தொகையை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த பட்டியலில் 75 சி.சி. வரை உள்ள இருசக்கர வண்டிக்கு வருடத்துக்கு 538 ரூபாய், 150 வரை 714, 350 வரை 1,366. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2,094. வரி தனி. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதேதான். ஆகவே இதில் "மலிவா எங்கே கிடைக்கும்" என்று அலைவது வீண். நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதியில்தான், 2007-லிருந்து கம்பெனிகள் தங்கள் இஷ்டப்படி விலை வைக்கின்றன. அதற்கு மட்டும் நாலு இடத்தில் விசாரிக்கலாம்.

சரி, இவ்வளவு மலிவு என்றால் பிரச்னை எங்கே? வயதைப் பார்க்காத பாலிசி, லைசென்ஸைப் பார்க்கும். நாமோ பத்தாவது முடித்த கையோடு டிப்ளமோவுக்கு வந்தவர்கள். ஃபர்ஸ்ட் இயர் சேரும்போது பெரும்பாலோருக்கு 15, 16 வயசு. மூன்றாம் வருஷத்தில்தான் 18-ஐத் தொடுகிறோம். ஆனால் வண்டி ஓட்டுவது என்னவோ முதல் வருஷத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது!

"ஸ்கூட்டிக்கு 16 போதும்டா" என்பான் ஒருவன். தப்பு. 16 வயதுக்காரன் ஓட்டலாம் என்று சட்டம் சொல்வது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை. ஆக்டிவா சுமார் 110 சி.சி., டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-ன் கணக்கு அதன் பெயரிலேயே இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, மைனர் பையன் ஓட்டிக் குற்றம் நிரூபணமானால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும். வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படித்துவிட்டு லைசென்ஸ் இல்லாமல் சர்வீஸ் சென்டரில் வேலை கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அபராதம்கூடப் பெரிதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பனி மூடிய காலையில் கட்டபெட்டு வளைவில், 17 வயசுப் பையன் அப்பாவின் வண்டியில் வந்து, பஸ்ஸுக்கு நின்றவர் மேல் மோதிவிட்டான் என்று வையுங்கள். தீர்ப்பாயம் எட்டு லட்சம் நஷ்டஈடு விதிக்கிறது. இன்சூரன்ஸ்தான் இருக்கே! இருக்கிறது. ஸ்வரண் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழிப்படி, கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிடும். பிறகு, லைசென்ஸ் இல்லாதவன் என்று தெரிந்தே சாவியைக் கொடுத்த உரிமையாளரிடம் அந்தத் தொகையைத் திருப்பி வசூலிக்கும். உரிமையாளர் யார்? அரை ஏக்கர் தேயிலையும் பச்சை இலைக் காசுமாக இருக்கும் நம் அப்பா.

18 முடிந்த சீனியர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம். போன வருஷம் நம் செட்டில் ஒருவன், பெயர் வேண்டாம், இன்னொருவனின் பைக்கை இரவல் வாங்கி டபுள்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கினான். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் சறுக்கி விழுந்தார்கள். எதிரே வண்டி எதுவும் இல்லை. பின்னால் இருந்தவனுக்குக் கால் முறிவு, ஓட்டியவனுக்குத் தோள்பட்டை. லைசென்ஸ் இருந்தது, இன்சூரன்ஸும் உயிரோடு இருந்தது. ஆனாலும் இரண்டு பேருக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி பில்லுக்கு நாம் வகுப்பு வகுப்பாக உண்டியல் குலுக்கியது ஞாபகம் இருக்கிறதா?

ஏன் வரவில்லை? அந்த பைக்குக்கு இருந்தது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி. பின்சீட்டில் சும்மா ஏறி வருகிறவரை அந்தக் கட்டாயப் பாலிசி காப்பாற்றாது என்று திலக் சிங் வழக்கில் 2006-லேயே தீர்ப்பாகிவிட்டது. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியாக இருந்திருந்தால் பின்னால் இருந்தவனுக்கு வழி இருந்திருக்கும். ஓட்டியவன் கதை இன்னும் மோசம். இரவல் வண்டி ஓட்டுகிறவன் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறான், அவன் 'மூன்றாம் நபர்' ஆகமாட்டான் என்பது 2009-ல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-லிருந்து உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு உண்டே என்றால், அது ஆர்.சி. புக்கில் பெயர் உள்ளவருக்கு. அவரிடமும் லைசென்ஸ் இருக்க வேண்டும். நண்பனுக்கு அது பொருந்தாது, அப்பா வண்டியை ஓட்டும் மகனுக்கும் பொருந்தாது.

இதற்கு ஒரு மலிவான ஏற்பாடு உண்டு. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 18 வயது ஆகி பேங்க் கணக்கு இருந்தால் போதும். 2015-ல் தொடங்கியபோது 12 ரூபாய், 2022-லிருந்து வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் மரணம் என்றால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். யார் வண்டியில் போனோம் என்று கேட்பதில்லை. கால் முறிவுச் செலவுக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேண்டீனில் ரெண்டு டீ குடிக்கிற காசு!

பழைய பைக் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி கைமாறினால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யையும் ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசில் மாற்றிவிடுங்கள். விற்கிறவருக்கு இது இன்னும் முக்கியம். ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை விபத்துக்குப் பொறுப்பு பழைய உரிமையாளரைத்தான் சேரும் என்று நவீன் குமார் வழக்கில் 2018-ல் சொல்லிவிட்டார்கள். பைனல் இயர் முடிந்து ஜூனியருக்கு பைக்கைத் தள்ளிவிட்டுப் போகிற அண்ணன்மார் கவனிக்க.

எங்கள் மாருதி கதைக்கு வருகிறேன். அப்பா பல வருடமாக க்ளெய்ம் எதுவும் செய்யாததால் சொந்தச் சேதப் பகுதியில் 50 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ் சேர்ந்திருந்தது. நான் ஓட்ட ஆரம்பித்த இரண்டாவது வாரமே டானிங்டன் பக்கம் ஒரு கல்தூணில் பம்பரை உரசினேன். "க்ளெய்ம் போட்டுடலாம்ப்பா" என்றேன். ஏஜெண்ட் கணக்குப் போட்டுக் காட்டினார்: அந்தச் சின்ன வேலைக்கு க்ளெய்ம் போட்டால் போனஸ் பூஜ்யமாகிவிடும், மறுபடி 20 சதவீதத்திலிருந்து ஏற வேண்டும், பாதியை எட்டவே ஐந்து வருடம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும் என்றார். பம்பரை நானே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தட்டி நிமிர்த்தினேன். கலர் மட்டும் இன்னும் ஒட்டவில்லை.