மாவு மூட்டையில் பிறந்த கிறிஸ்துமஸ் பரிசுகள்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்ததைத் தொடர்ந்து அமெரிக்காவைப் பீடித்த பெருமந்தம், அதாவது உற்பத்தியும் வேலையும் விலைவாசியும் ஒருசேர வீழ்ந்து பல ஆண்டுகள் எழாமல் கிடந்த நிலை, 1933இல் மிகக் கடுமையடைந்தபோது அந்நாட்டு உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. விளைச்சலுக்கு விலை கிடைக்காத உழவர் குடும்பங்களுக்குக் கடைப் பொம்மை எட்டாத பொருளாயிற்று; ஆயினும் குழந்தைகள் உள்ள வீட்டில் கிறிஸ்துமஸ் நாளை வெறுங்கையோடு கழிக்கப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குக் கைகொடுத்தவற்றுள் முதன்மையானது, மாவும் சர்க்கரையும் கோழித் தீவனமும் அடைத்து வந்த பருத்தித் துணி மூட்டை.

முன்பு மரப்பீப்பாயில் விற்கப்பட்ட மாவு, தையல் இயந்திரத்தால் உறுதியான தையல் கைகூடிய பிறகு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துணி மூட்டைக்கு மாறியது. மூட்டையின் வாய் சங்கிலித் தையலால், அதாவது ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துச் செல்லும் தையலால், மூடப்பட்டிருந்தமையால் உரிய முனையைப் பிடித்து இழுத்ததும் தையல் முழுவதும் அறுபடாமல் உருவிக்கொண்டு வந்துவிடும். அந்த நூலையும் பெண்கள் எறியவில்லை; உருண்டையாகச் சுற்றி வைத்துக் குரோஷா பின்னுவதற்கும் ஒட்டுப்போர்வை தைப்பதற்கும் எடுத்துக்கொண்டனர். 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ, தீவனம் கொண்ட மூட்டையைப் பிரித்து விரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்றுக் கூடுதலான துணி கிடைத்தது. அதன்மேல் அச்சிடப்பட்ட ஆலையின் பெயரைப் போக்குவதுதான் பெரும்பாடு. பன்றிக் கொழுப்பிலோ மண்ணெண்ணெயிலோ இரவு முழுவதும் ஊறவைத்து, காரச் சோப்பிட்டுத் துவைத்து, வெயிலில் வெளுக்க விட்டும் சில மூட்டைகளில் எழுத்தின் சாயல் மங்கலாக எஞ்சியே இருந்தது.

மூட்டைத் துணி வீடுகளில் உடையாகவும் பொம்மையாகவும் மறுபிறவி எடுப்பதை ஆலைகள் விரைவில் உணர்ந்துகொண்டன. எளிதில் கழுவிப் போக்கத்தக்க மையும் கிழித்தெடுக்கத்தக்க காகித முகப்பும் வந்தன. பூவும் கட்டமும் அச்சிட்ட மூட்டைகள் வந்தன. ஒரு சட்டைக்குப் போதுமான துணி சேரும்வரை அதே பூப்போட்ட மூட்டையையே வாங்கிவரும்படி வீட்டு ஆண்களிடம் சொல்லியனுப்பும் வழக்கமும் தோன்றியது. சில மூட்டைகளில் பொம்மையின் முன்பக்கமும் பின்பக்கமும் அச்சிடப்பட்டிருந்தன. கோட்டின்மீது வெட்டி, இரண்டையும் சேர்த்துத் தைத்து, கந்தலையோ பஞ்சையோ திணித்தால் கிறிஸ்துமஸ் பரிசு ஆயத்தம். விற்பனையைப் பெருக்கும் நோக்கம் ஆலைகளுக்கு இருந்தது உண்மையே; எனினும் அதனால் ஏழைக் குழந்தைகளுக்கு விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

இப்பரிசுகளுக்குச் செலவான பணம் சொற்பம். செலவான நேரமோ மிகுதி. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தமையால், பகல் வேலை ஓய்ந்து குழந்தைகள் உறங்கிய பின் மண்ணெண்ணெய் விளக்கொளியில்தான் பெரும்பாலான தையல் நடந்திருக்க வேண்டும். கோடையில் பழம் மலிந்தபோதே சர்க்கரைப் பாகில் காய்ச்சிக் கண்ணாடிச் சீசாக்களில் அடைத்து வைத்தவை டிசம்பரில் உறவினருக்குப் பரிசாயின. துணியும் பொத்தானும் நூலும் அவ்வாறே மாதக்கணக்கில் சேர்ந்தன. இக்காலத்தில் பலர் பண்டிகை நெருங்கியபின் மினுமினுப்புத் தாளும் பசையும் மணிகளும் விலைகொடுத்து வாங்கிக் கைவினைப் பரிசு செய்யத் தொடங்குகின்றனர். அச்செலவு சில வேளைகளில் கடைப் பரிசின் விலையையே விஞ்சிவிடுவதால், சிக்கனம் என்ற நோக்கம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அக்காலப் பரிசுகளுள் இன்றும் வழக்கில் உள்ளது காலுறைக் குரங்கு. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்ட் நகரில் இயங்கிய நெல்சன் நிட்டிங் நிறுவனம், உழைப்பாளர்கள் அணியும் தன் பழுப்பு நிறக் காலுறைகளைப் போலிகளிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக 1932இல் குதிகாலைச் சிவப்பு நிறத்தில் பின்னத் தொடங்கியது. தேய்ந்த காலுறைகளிலிருந்து பெண்கள் குரங்குப் பொம்மை செய்தபோது அந்தச் சிவப்பே அதற்கு அடையாளமாயிற்று. ஒரு குரங்குக்கு ஒரு ஜோடி காலுறை போதும். முதல் காலுறையின் விரற்பகுதி தலையாகும். கணுக்காலுக்கு மேற்பட்ட பகுதியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து தைத்தால் கால்களாகும். சிவந்த குதிகால் உட்காரும் பகுதியில் சரியாக அமர்ந்துகொள்ளும். இரண்டாவது காலுறையிலிருந்து கைகள், வால், காதுகள், தொப்பி ஆகியவற்றை வெட்டிய பின் எஞ்சும் சிவப்புக் குதிகாலைச் சுற்றிலும் சிறிது பழுப்பு விளிம்போடு கத்தரித்து, முகத்தில் பொருத்திப் பஞ்சடைத்தால் புடைத்த வாய் வந்துவிடும். கண்ணுக்கு இரண்டு பொத்தான்கள் போதும்.

1955இல் இப்பொம்மைக்கான காப்புரிமை, அதாவது ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்துவதற்கான தனியுரிமை, நெல்சன் நிறுவனத்துக்குக் கிடைத்ததும், குரங்கு தைக்கும் செய்முறையைக் காலுறைகளோடு சேர்த்தே அது விற்கத் தொடங்கியது. 1992இல் அந்நிறுவனத்தை வாங்கிய அயோவா மாநிலத்து ஃபாக்ஸ் ரிவர் மில்ஸ், சிவப்புக் குதிகால் கொண்ட அக்காலுறைகளைத் தொடர்ந்து பின்னி விற்றுவந்தது.