கல்லூரித் தரமும் சட்டமும் – 6: ஒரு கல்லூரி, இரண்டு அனுமதி

தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரி நடக்க இரண்டு இடங்களில் அனுமதி வேண்டும். ஒன்று, அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில், அதாவது ஏஐசிடிஇ தரும் ஒப்புதல். மற்றொன்று, பல்கலைக்கழகம் தரும் இணைப்பு அங்கீகாரம். முன்னது 1987ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்படி கிடைப்பது. பின்னது மாநிலச் சட்டத்தின்படி. இரு அமைப்புகளும் வெவ்வேறு தரம் கேட்டால் எது செல்லும்? இதற்கு விடை சொன்ன முக்கியத் தீர்ப்புகள் சில தமிழ்நாட்டு வழக்குகளில் பிறந்தவை.

கல்வி, 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போனது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரமோ தொடக்கம் முதலே மத்தியப் பட்டியலில் இருக்கிறது. சிக்கலின் வேர் இதுதான்.

முதல் பெரிய மோதல் ஓசூர் அதியமான் கல்வி நிறுவனத்தின் வழக்கு. 1987இல் அதன் பொறியியல் கல்லூரிக்கு மாநில அரசு அனுமதி தந்தது. சென்னைப் பல்கலைக்கழகமும் தற்காலிக இணைப்பு வழங்கியது. நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று 1989இல் அரசும் பல்கலைக்கழகமும் நோட்டீஸ் அனுப்பின. அதை எதிர்த்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், தொழில்நுட்பக் கல்லூரிகளைப் பொறுத்தவரை மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டப் பிரிவுகள் செல்லாது என்றது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமிருந்தால் மாநிலம் கூடுதல் தகுதி கேட்கலாம். இடம் காலியாக இருக்கும்போது, மத்திய அளவுகோலின்படி தகுதியுள்ளவரை மாநில அளவுகோலைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. மாணவர் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான கோடு.

அதற்காக கவுன்சில் வைத்ததெல்லாம் சட்டம் ஆகிவிடவில்லை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொழில்நுட்பப் படிப்புகள் தொடங்கியபோது, முன் ஒப்புதல் பெறவில்லை என்று கவுன்சில் வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் கவுன்சில் பக்கம் நின்றது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டத்தின் 2ஆவது பிரிவில் 'தொழில்நுட்ப நிறுவனம்' என்பதற்கான விளக்கத்திலேயே 'பல்கலைக்கழகம் அல்லாத' என்று இருக்கிறது. நாடாளுமன்றம் விலக்கி வைத்த பல்கலைக்கழகத்தை, கவுன்சில் தன் ஒழுங்குமுறை விதியால் உள்ளே இழுக்க முடியாது. ஆய்வு செய்யலாம், பரிந்துரைக்கலாம்; அவ்வளவே. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கும் 2013இல் உச்ச நீதிமன்றத்தில் இதே வாதம் நீண்டது. கவுன்சில் தான் திருத்திய விதிகளை நாடாளுமன்றத்தில் வைக்காததும் அப்போது குறையாகச் சொல்லப்பட்டது.

கேரளத்து வழக்கொன்றில் 2020இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த தீர்ப்பு இன்னொரு பக்கத்தைத் தெளிவாக்கியது: கவுன்சில் வகுப்பது குறைந்தபட்சத் தரம், இணைப்பு தரும் பல்கலைக்கழகம் அதை உயர்த்தலாம், நீர்த்துப்போகச் செய்யக் கூடாது. அதியமான் தீர்ப்பை மட்டும் வைத்து, கவுன்சில் ஒப்புதல் இருந்தால் போதும் என்று வாதிட்டுவந்த கல்லூரிகளுக்கு இது சரியான பதில்.

இரண்டு அனுமதிகளும் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கே தரப்படுபவை. கட்டணம் கட்டுமுன், சேரும் பாடப்பிரிவுக்கு நடப்பாண்டில் இரண்டும் இருக்கின்றனவா என்று பெற்றோர் கேட்டு, அனுமதிக் கடிதங்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

(தொடரும்)