மருந்து நோயைத் தீர்க்கும். மூச்சு உடலை மீட்கும்

ஊரப்பாக்கத்திலிருந்து சென்னைக் கடற்கரை நோக்கி மின்சார ரயிலில் செல்வோர், தாம்பரத்தை அடுத்து ‘தாம்பரம் சானடோரியம்’ நிலையத்தைக் கடக்கின்றனர். அப்பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து நிறுவினார். அதற்கு முன் அவர் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் ஒரு சானடோரியத்தை நடத்தினார். கணித மேதை இராமானுஜன் 1917-இல் அங்கே சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றார். காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. தாம்பரம் மருத்துவமனையை 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது.

பின்னர் மருந்துகள் வந்தன. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு மருந்து வழங்கப்பட்டது. அதன் முடிவுகள் 1959-இல் வெளிவந்தன. நெரிசலான வீடுகளில், எளிய உணவுடன் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்திருந்தனர். நோயைத் தீர்ப்பது மருந்தே என்பது அதனால் தெளிவாயிற்று.

இவ்வரலாற்றை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. கடும் நோயிலிருந்து மீண்டு வீடு திரும்புவோரில் சிலர், மூச்சுப் பயிற்சி தொடங்கியதும் மாத்திரைகளைத் தாமாகவே குறைத்துவிடுகின்றனர். வேறு சிலர், மாத்திரை மட்டும் போதும் என்று பயிற்சியைக் கைவிடுகின்றனர். இரண்டும் தீங்கானவை. மருந்தின் வேலையை மூச்சு செய்யாது. மூச்சின் வேலையை மருந்தும் செய்யாது.

மூச்சு செய்யும் வேலை என்ன?

நிமோனியா, இதய அறுவை சிகிச்சை, வயிற்று அறுவை சிகிச்சை, நீண்ட காய்ச்சல் என எதுவாயினும், பல நாள் படுக்கையில் கிடப்பவரின் மூச்சு மேலோட்டமாகிவிடுகிறது. வலியும் அச்சமும் அதை மேலும் சுருக்குகின்றன. நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள காற்றுப்பைகள் விரியாமல் ஒட்டிக்கொள்கின்றன, சளி தேங்குகிறது, தேங்கிய சளியில் புதிய தொற்று உண்டாகிறது.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லி லிட்டர் காற்று, காற்றுப்பைகளை எட்டாமல் மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும். நிமிடத்திற்கு 30 முறை, முறைக்கு 200 மில்லி லிட்டர் வீதம் மேலோட்டமாக மூச்சு விடுபவர் மொத்தம் 6 லிட்டர் காற்றை இழுக்கிறார். அதில் பயன்படுவது ஒன்றரை லிட்டரே. நிமிடத்திற்கு 12 முறை, முறைக்கு 500 மில்லி லிட்டர் வீதம் நிதானமாக விடுபவரும் அதே 6 லிட்டரைத்தான் இழுக்கிறார். அவருக்கு 4 லிட்டருக்கு மேல் பயன்படுகிறது. வேகமாக மூச்சு விட்டும் களைப்புத் தீராததற்குக் காரணம் இதுவே.

செய்யும் முறை

1. முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து அமருங்கள். ஒரு கையை மார்பிலும் மற்றொன்றை வயிற்றிலும் வையுங்கள்.

2. மூக்கின் வழியே மெதுவாக இழுங்கள். வயிற்றின் மேலுள்ள கை உயர வேண்டும்; தோள்கள் உயரக் கூடாது.

3. ஓரிரு நொடிகள் நிறுத்தி, விளக்கை அணையாமல் அசைக்க ஊதுவதுபோல் உதடுகளைக் குவித்து, இழுத்ததைப் போல் இருமடங்கு நேரம் வெளிவிடுங்கள்.

4. விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை ஐந்து முதல் பத்து மூச்சுகள் போதும். இறுதியில் இருமிச் சளியை வெளியேற்றுங்கள். அறுவைத் தையல் உள்ளவர்கள் அதன்மேல் தலையணையை அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும்.

மூன்று பந்துகள் கொண்ட கருவியைப் பலர் ‘ஊதும் கருவி’ என்றே அழைத்து, ஊதவும் செய்கின்றனர். அது ஊதுவதற்கன்று, உறிஞ்சுவதற்கு. குழாயில் வாய் வைத்து மெதுவாக உள்ளிழுக்கும்போதுதான் பந்துகள் எழ வேண்டும். மூன்றாவது பந்தும் எழவில்லையே என்று வருந்த வேண்டாம். ஒரு பந்தையே சில நொடிகள் நிதானமாக மேலே நிறுத்துவது, மூன்றையும் ஒரே இழுப்பில் எழுப்புவதைவிட நல்லது.

மனத்திற்கும் மருந்து

நோயிலிருந்து மீள்வோரை இரவில் பெரிதும் வாட்டுவது, மூச்சு நின்றுவிடுமோ என்னும் அச்சம். அச்சம் மூச்சை விரைவாக்கும். விரைந்த மூச்சு அச்சத்தைப் பெருக்கும். வெளிமூச்சை நீட்டும்போது இதயத் துடிப்பு தணிகிறது. அச்சமும் மெல்ல அடங்குகிறது. உடனிருப்போர் ‘பயப்படாதே’ என்று சொல்வதைவிட, அருகில் அமர்ந்து தாமும் அதே நிதானத்தில் மூச்சு விடுவது பெரிதும் உதவும். இரவெல்லாம் கண்விழிக்கும் அவர்களுக்கும் அது ஆறுதல் தரும்.

கவனத்தில் கொள்க

தலைசுற்றினால் நிறுத்தி, இயல்பாக மூச்சு விடுங்கள். மாரடைப்பு, அறுவை சிகிச்சை, கண் அறுவை ஆகியவற்றிற்குப் பின் கபாலபாதி போன்ற வேகப் பயிற்சிகளையும், நீண்ட நேரம் மூச்சை அடக்குவதையும் மருத்துவரைக் கேளாமல் செய்ய வேண்டாம். நுரையீரலைச் சுற்றிக் காற்றோ நீரோ கோத்திருந்தவர்கள் அனுமதி பெற்ற பின்னரே தொடங்க வேண்டும். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம், உதடு நீலமாதல், ஆக்சிமீட்டர் அளவு உங்களுக்குக் குறித்துக் கொடுத்த எல்லைக்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

நேற்று பத்து அடி நடந்தவர் இன்று பதினைந்து அடி நடந்தால் அது முன்னேற்றமே. மாத்திரை உண்ணும் வேளைகளை எழுதி வைத்திருக்கும் அதே தாளில், மூச்சுப் பயிற்சிக்கும் ஒரு கட்டம் வரைந்துகொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது அத்தாளையும் உடன் கொண்டு வாருங்கள். இரண்டையும் சேர்த்தே நாங்கள் பார்ப்போம்.