உங்களுக்குத் தெரியுமா? மரத்துக்கு இதயம் தேவையில்லை!

நம் உடலில் இதயம் ரத்தத்தைத் தள்ளுகிறது. மரத்திலோ தண்ணீரை மேலே இழுப்பது இலை. இலைத்துளை வழியே நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று விடாமல் பற்றிய நீர் மூலக்கூறுகள் நீரைக் கடத்தும் சைலக் குழாயில் வேர்வரை சேர்ந்தே இழுபடுகின்றன. வேர்தானே தள்ளுகிறது என்று கேட்கலாம். விடியற்காலையில் புல் நுனியில் அரும்பும் துளிகள் பலவும் வேரழுத்தத்தால் வருபவைதான். ஆனால் அந்த அழுத்தம் நெடுமரத்தின் உச்சிக்குப் போதாது. தண்டின் உயிருள்ள செல்களே துடித்து நீரை ஏற்றுவதாக 1923-இல் ஜகதீச சந்திர போஸ் வாதிட்டார். மாபெரும் அறிஞர்தான், ஆயினும் இதில் சான்று அவர் பக்கம் இல்லை. 1891-லேயே தாவரவியலாளர் எடுவர்ட் ஸ்ட்ராஸ்பர்கர், வெட்டிய மரத்தின் அடியை நச்சுக் கரைசலில் நிறுத்திப் பார்த்தார். தண்டின் உயிருள்ள செல்கள் மடிந்த பிறகும் கரைசல் மேலேறியது. இலைகள் பட்டுப்போன பின்பே நின்றது.